பார்சிலோனாவில் ஏர்பிஎன்பி வீடுகளுக்கு 'நோ': வாடகை ஏறினதுக்கு அதுதான் காரணமா?

ஸ்பெயினின் பார்சிலோனாவில், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உரிமம் பெற்ற அபார்ட்மெண்ட்கள் 10,101. 2028 நவம்பருக்குள் இவை எல்லாவற்றின் உரிமமும் முடிவுக்கு வரும் என்று 2024 ஜூனில் மேயர் ஜவுமே கொல்போனி அறிவித்தார். பத்தாண்டுகளில் நகரின் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த மாதமே தெருவில் இறங்கிய மக்கள், ஹோட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்த வீடியோ உலகம் முழுக்க வைரலானது.

'பகிர்வுப் பொருளாதாரம்' எப்படி இங்கே வந்து நின்றது? 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள், மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டில் காற்று மெத்தை போட்டு இடம் கொடுத்தார்கள். ஏர்பிஎன்பி தொடங்கியது அப்படித்தான். வாடகை கட்ட வழி தேடிப் பிறந்த நிறுவனம் மீதே இப்போது வாடகையை ஏற்றுவதாகக் குற்றச்சாட்டு!

நீங்கள் குடியிருக்கும் வீட்டில் சும்மா கிடக்கும் ரூமைக் கொடுத்தால் அது பகிர்வு. யாருமே குடியிருக்காத பத்து ஃபிளாட்டை ஒருவரே வருஷம் முழுக்கப் பயணிகளுக்கு விட்டால், அது லாட்ஜ் தொழில். பெயர் மட்டும்தான் பகிர்வு. மாத வாடகையைவிட நாள் வாடகையில் காசு அதிகம் என்றால் ஓனர் எந்தப் பக்கம் போவார்? அந்தத் தெருவில் குடித்தனத்துக்குக் கிடைக்கும் வீடு ஒன்று குறையும்.

சரி, எவ்வளவு பாதிப்பு? பார்சிலோனா பற்றி 2020-ல் 'ஜர்னல் ஆஃப் அர்பன் எகனாமிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, ஏர்பிஎன்பியால் வாடகை சராசரியாக 1.9 சதவீதமும், அந்த வீடுகள் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் 7 சதவீதமும் ஏறியதாகக் கணக்கிட்டது. மேயர் சொல்வதும் இதுவும் வேறு வேறு காலகட்டம், நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் பழி முழுவதையும் ஓர் ஆப் தலையில் கட்ட முடியாது என்பது புரிகிறது. அதே நேரம், பயணிகள் மொய்க்கும் தெருவில் குடியிருப்பவருக்கு அந்த 1.9 என்ற சராசரியால் எந்த ஆறுதலும் இல்லை.

நியூயார்க் வேறு கோடு போட்டது. 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீடு விட வேண்டுமானால் நகராட்சியில் பதிவு கட்டாயம். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்கணும். விருந்தினர் அதிகபட்சம் இரண்டு பேர். குறுகிய கால வீடுகள் மளமளவென்று காணாமல் போயின. ஆனால் நகரின் வாடகை இறங்கவில்லை. ஏர்பிஎன்பி இன்றும் சுட்டிக்காட்டுவது இதைத்தான். இன்னொரு பக்கம், இரண்டு போர்ஷன் வீட்டில் ஒன்றைப் பயணிகளுக்கு விட்டு லோன் கட்டிவந்த சின்ன ஓனர்களும் அடிவாங்கினார்கள்.

அப்படியிருந்தும், வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்கும் நியூயார்க் விதிதான் பகிர்வையும் வியாபாரத்தையும் ஓரளவு பிரிக்கிறது. பார்சிலோனாவின் முடிவு, ஒரே ஒரு ஃபிளாட் வைத்திருப்பவரையும் பல ஃபிளாட் வைத்திருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது.

இந்த முடிவுக்கு அடிப்படையான கட்டலோனியா மாகாணச் சட்டம் செல்லும் என்று ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆனால் 2028 நவம்பர் வருவதற்கு முன்பே, 2027 மே மாதம் பார்சிலோனாவில் நகராட்சித் தேர்தல் இருக்கிறது.