வெள்ள ஞாபகமும் வயற் சட்டமும்

மலையாள நாட்டு முதியோர், வயதைச் சொல்லுங்கால், 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்துக்கு முன்' என்றும் 'பின்' என்றும் கணக்கிடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. கொல்லம் 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை, அவ்வெள்ளம் வந்த மாதம். நம் காவேரியும் அம்மழையில் கரைபுரண்டது. மூணாற்றின் சிறு ரயில்பாதை அழிந்தது, மீண்டும் போடப்படவேயில்லை. காந்தியடிகள் தம் பத்திரிகைகளில் நிதி கோர, 6,994 ரூபாய் சேர்ந்தது. பெண்மணிகள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். பாலை விட்டுப் பணம் தந்தவர்களும் உண்டு.

ஒரு வெள்ளத்தை இவ்வளவு அன்போடு நினைவில் வைத்த ஜனங்கள், அது பரவிய நிலத்தை மட்டும் மறந்தது எவ்வாறு?

வயல் என்பது நெல் விளையும் இடம் மாத்திரமன்று. ஆறு பெருகும் நாளில் நீர் பரவித் தங்கும் இடமுமாகும். 1970-களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8¾ லட்சம் ஹெக்டேர் நெல்வயல் இருந்தது. 2015-16ல் எஞ்சியது ஏறத்தாழ 2 லட்சமே. மிஞ்சியதைக் காக்க 2008ல் சட்டம் செய்தார்கள். 2018 ஜூனில் அதே சட்டசபை, பாதுகாப்புப் பட்டியலில் சேராத வயலைக் கட்டணம் செலுத்தி வேறு உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ள இடங்கொடுத்துத் திருத்தம் நிறைவேற்றியது. இரண்டு மாதத்திற்குள், ஆகஸ்டில், பெருவெள்ளம் வந்தது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை பெய்த மழை வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிகம். இடுக்கியின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. நானூறு பேருக்கு மேல் மாண்டனர்.

அத்திருத்தமே வெள்ளத்தை வருவித்ததென்று சொல்வது நியாயமன்று. சில வாரங்களில் வயல்கள் மறைந்துவிடவில்லை, பல்லாண்டுகளாக மறைந்தன. ஆயினும் 99-ஐ மறவாத நாட்டின் பிரதிநிதிகள் எதை நினைத்துக் கை தூக்கினர் என்று கேட்பது தவறாகாது.

படகுகளை லாரியில் ஏற்றிவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்ட மீனவரை நாடே போற்றியது, தகும். 2019ல் முதன் மந்திரி ஸ்ரீ பினராயி விஜயன் நெதர்லாந்து சென்று, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைக் கண்டு வந்தார். நல்லதே. ஆனால் நீர் நிற்க வயல் வேண்டும் என்பதை அறியக் கடல் கடக்க வேண்டுமோ?

கிராமந்தோறும் 2018ன் நீர்மட்டத்தைக் கல்லிற் பொறிக்கட்டும். அம்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு மனையின் கிரயப் பத்திரத்திலும் அவ்வளவு எழுதப்படட்டும். வாங்குவோர் அறிந்து வாங்குவர். அதற்கு முன்பாக, 2018 ஜூன் திருத்தத்தைச் சட்டசபை மறுபடி எடுத்து ஆராய வேண்டும்.