மோடத்தின் மேல் ஏன் பழி?

கேரளத்தின் தென்கோடியில் கடலோரக் கிராமம் பொழியூர். கரையோடு நடந்தால் அடுத்தது தமிழ்நாட்டின் நீரோடி. இரு பக்கமும் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். ஆனால் 1956 நவம்பர் 1இல் போட்ட எல்லை தொலைபேசிக் கம்பிக்கு நன்றாகத் தெரியும். பொழியூருக்கு எஸ்டிடி கோடு 0471; அடுத்த கிராமத்துக்கு 04651. சர்க்கிளும் வேறு.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது வீடுகளுக்குப் புதிதாகக் கம்பி இழுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த செம்புக் கம்பியே போதுமானதாக இருந்தது. குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். டிஎஸ்எல் அதற்கு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி ஓடுகிறது. இரண்டையும் பிரிக்கும் சிறு பெட்டிதான் ஸ்ப்ளிட்டர். அதை விட்டுவிட்டு எக்ஸ்டென்ஷன் போனை நேராகக் கம்பியில் இணைத்தால் பேச்சில் இரைச்சல் வரும், இணைப்பும் அறுந்து அறுந்து வரும்.

மோடத்தை நிறுவுவது அரைமணி வேலை. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும் (சில மோடங்களில் இந்த எண் மாறும்). பிஎஸ்என்எல் லைனுக்கு விபிஐ 0, விசிஐ 35 என்று கொடுத்து, பிபிபிஓஇ முறையைத் தேர்ந்து, யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட வேண்டும். பிறகு விளக்குகளைப் பார்க்க வேண்டும். டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு எரியாவிட்டால் தவறு பெரும்பாலும் பாஸ்வேர்டில். டிஎஸ்எல் விளக்கே விடாமல் சிமிட்டினால் கோளாறு பெரும்பாலும் கம்பியில்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மோடம் கெட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். சோதனை எளிது: கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை நேராகப் பொருத்திப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் குறை வீட்டு ஒயரிங்கில். அங்கேயும் சிமிட்டினால் வெளியே. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். சுமார் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, கடலோரத்து உப்புக் காற்று செம்பு ஜாயிண்டுகளை அரித்துவிடும். ‘நெட் வரவில்லை’ என்று சொல்வதைவிட ‘டிஎஸ்எல் விளக்கு நிற்கவில்லை, போனிலும் கரகரப்பு’ என்று புகார் எழுதினால் லைன்மேன் கம்பத்தைப் பார்ப்பார்.

இது வெறும் வசதி விஷயமல்ல. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே கொரோனா பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2023 ஜூன் 5இல் தொடங்கப்பட்ட கேபோன் திட்டம், முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 வீதம் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தது. அதில் ஓடுவது செம்பு அல்ல, கண்ணாடி இழை. உப்புக்கும் தூரத்துக்கும் அது அவ்வளவு எளிதில் அசையாது.

ஆனால் இழையும் அறுந்துபோகும். அப்போது வீட்டுப் பெட்டியில் சிவப்பாக எரியும் விளக்கின் பெயர் ‘லாஸ்’. தொழில்நுட்பம் எதுவானாலும், உரிமை வீட்டுக்குள் வருவது கடைசிக் கம்பத்தைத் தாண்டித்தான். பழி சொல்வதற்கு முன் அந்தக் கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது.