அரைக் கிலோமீட்டருக்குள் என்ன கட்டுவது?

பாப்பனங்கோட்டில் தொடங்கி பாளையம், ஸ்ரீகார்யம், கழக்கூட்டம், டெக்னோபார்க், விமான நிலையம் வழியாக ஈஞ்சைக்கல் வரை 31 கிலோமீட்டர், 27 நிலையங்கள். திருவனந்தபுரம் மெட்ரோவின் முதல் கட்டத் தடத்துக்கு 2025 நவம்பரில் கேரள அரசு ஒப்புதல் தந்தது. மோனோரயில், பிறகு லைட் மெட்ரோ என்று பத்தாண்டுக்கு மேல் காகிதத்திலேயே கிடந்த திட்டம் இது. ஒன்றிய அரசிடம் நிதி கேட்கும் மாநிலம், நிலையங்களைச் சுற்றி வீடும் கடையும் அலுவலகமும் நெருக்கமாக வளர வழி செய்ய வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை. அதற்குப் பழகிப்போன சுருக்குவழி, தடத்தின் இருபுறமும் ஒரு பட்டை வரைந்து, மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பான எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டிவிடுவது. அகமதாபாத்தும் நாகபுரியும் அதை 4 வரை உயர்த்தின. திருவனந்தபுரம் அந்த வழியில் போகக் கூடாது. இங்கே அடர்த்தி பொது நிலத்தில்தான் தொடங்க வேண்டும்.

காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. சுமார் 215 சதுர கிலோமீட்டர் மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்போது பத்து லட்சம் பேர்கூட இல்லை. குன்றும் சரிவும், இடையில் ஓடைகளும், ஐந்து பத்து சென்ட்டில் மதில் எழுப்பிய தனி வீடுகளுமாகப் பரந்து கிடக்கும் ஊர். வரைபடத்தில் நிலையத்துக்கு 500 மீட்டரில் தெரியும் வீட்டிலிருந்து நடந்து பார்த்தால், முட்டுச்சந்துகளையும் மதில்களையும் சுற்றி வருவதற்குள் தூரம் இரட்டிப்பாகிவிடும். பெரிய சாலைக்கு வந்தாலும் பல இடங்களில் வடிகாலை மூடிய சிலாப்தான் நடைபாதை. அதன்மேல் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றால், குடையும் பையுமாக வருபவர் பேருந்துகளுக்கு நடுவே சாலையில் இறங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டினால், குறுகிய சந்தில் ஐந்து சென்ட் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. மனைகளைச் சேர்த்து வாங்கும் வசதியுள்ள நிறுவனத்துக்கே லாபம். அது கட்டும் விலையுயர்ந்த அடுக்ககத்தில் குடியேறுபவர் காரில்தான் போவார். மழைக்காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 2023 அக்டோபரில் தெற்றியாறு பெருகி, கழக்கூட்டமும் டெக்னோபார்க் பகுதியும் வெள்ளத்தில் நின்றன. வடிகாலைச் சரிசெய்யாமல் அங்கே மேலும் கான்கிரீட் போடுவது ஆபத்து.

தனியார் மனைகளில் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டுவதை மக்களும் சும்மா ஏற்க மாட்டார்கள். 2013இல் வெளியான நகர மாஸ்டர் பிளான் வரைவு, குடியிருப்போரின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. பொது நிலத்தில் அந்தச் சிக்கல் குறைவு. பாப்பனங்கோட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.க்கு இடம் இருக்கிறது; காரியவட்டத்தில் பல்கலைக்கழக வளாகம், அடுத்து டெக்னோபார்க். இந்த வளாகங்களின் சுற்றுச்சுவரில் நிலையத்தை நோக்கி ஒரு வாசல் திறந்தாலே ஆயிரக்கணக்கானோரின் நடை குறையும். ஆனால் பொது நிலத்தில் எதைக் கட்டினாலும் சரி என்று பொருளல்ல. தம்பானூர் பேருந்து நிலையத்தின் மேல் எழுந்த வணிக வளாகத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் வாடகைக்குப் போகவில்லை. வேண்டியது வீடுகள். அதிலும் மருத்துவமனை ஊழியர், கடைச் சிப்பந்தி, தூய்மைப் பணியாளர் தாங்கும் வாடகையில் ஒரு பங்கு சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். நாள்தோறும் ரயிலில் போகப்போகிறவர்கள் அவர்களே.

தனியார் மனைகளில் எஃப்.எஸ்.ஐ. கூட்டாவிட்டால் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. டிக்கெட் வருவாயை மட்டும் நம்ப முடியாது: 2017இல் ஓடத் தொடங்கிய கொச்சி மெட்ரோவில் இன்றும் நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் பேரே ஏறுகிறார்கள். திட்ட அறிக்கை எதிர்பார்த்ததைவிட இது மிகக் குறைவு. ஆனால் எஃப்.எஸ்.ஐ.யை இலவசமாக அள்ளிக்கொடுத்தால் அரசுக்கு வருவது என்ன? அகலமான சாலையும் வடிகாலும் உள்ள இடங்களில் மட்டும் அதை விலைக்கு விற்கலாம். பொது நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். முதலில் ரயில் வரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்பது பொருந்தாத வாதம். தடம் அறிவிக்கப்பட்ட அன்றே நிலவிலை ஏறத் தொடங்கிவிடுகிறது. ரயில் வரும்போது ஒதுக்குவதற்கு மலிவான நிலம் மிஞ்சியிருக்காது. ஆகவே நிலையங்களின் இடத்தை இறுதி செய்வதற்கு முன்பே, 27க்கும் தனித்தனியாக நடைவழி வரைபடம், வடிகால் வரைபடம், பொது நிலப் பட்டியல் மூன்றையும் விரிவான திட்ட அறிக்கையில் சேர்த்து, அந்தந்த வார்டு சபையின் முன் வைக்க வேண்டும்.