மான் கறி கேட்பவர்களுக்கு

கிளாஸ்கோவில் இருக்கும் அண்ணன் மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. அடுப்பின் மேல் கனத்த இரும்புச் சட்டி, அதில் கருஞ்சிவப்பாகக் கொதிக்கும் மான் கறி. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டியதுதான் வினை. "பொன்முடிப் பக்கம் சொல்லி வைத்தால் மிளா மான் கிடைக்கும் என்கிறார்களே சார், மார்கழிக்கு நாமும் ஒருநாள் வைத்துப் பார்ப்போமா?" என்று ஆரம்பித்துவிட்டார். வண்டியின் புகைச் சான்றிதழ் ஒருநாள் தாமதமானாலும் பதறுகிறவர் அவர். அவரே இப்படிக் கேட்கிறார் என்றால், திருவனந்தபுரத்தில் இன்னும் பலருக்கு இதில் தெளிவில்லை என்றுதான் தோன்றுகிறது.

"எங்கள் தாத்தா சுட்டிருக்கிறாரே" என்பார்கள். சுட்டிருக்கலாம். திருவிதாங்கூர் காலத்தில் வேட்டை அரண்மனை விளையாட்டாகவே இருந்தது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூடச் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட வழி வைத்திருந்தார்கள். 1991இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்தார்கள். தாத்தாவின் கதை உண்மையாகவே இருந்தாலும் பேரனுக்கு அது உதவாது.

பலர் கவனிக்காத ஒன்று, அந்தச் சட்டம் இறைச்சி என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள். பச்சையாக இருந்தாலும் சமைத்ததாக இருந்தாலும் அது இறைச்சிதான். எலும்பும் கொழுப்பும் ரத்தமும் அதில் அடக்கம். ஆகவே "நான் வேட்டைக்குப் போகவில்லை, யாரோ கொடுத்த குழம்பைத்தான் சாப்பிட்டேன்" என்பது பதிலாகாது. சாலையில் லாரி அடித்துச் செத்துக் கிடக்கும் மான்? அதுவும் அரசின் சொத்து. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். தண்டனையும் சிறிதல்ல. 2022இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, போனால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததே என்பீர்கள். கொடுத்தது, ஆனால் சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், அடுப்பில் ஏற்றக் கூடாது.

கிளாஸ்கோ இருக்கும் ஸ்காட்லாந்தில் மட்டும் எப்படி? அங்கே ஓநாய்கள் அற்றுப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன விலங்கு இல்லாததால் மந்தை பெருகி மரக்கன்றுகளைக் கடித்தே காட்டை வளரவிடாமல் செய்கிறது. அதனால் கணக்குப் பார்த்துச் சுடுகிறார்கள், அந்தக் கறி கடைக்கு வருகிறது. நியூஸிலாந்தில் மானே வெளியிலிருந்து கொண்டுபோய் விட்டதுதான்; இன்று அங்கே ஆடுமாடுபோலப் பண்ணையில் வளர்க்கிறார்கள். நம் நெய்யாறு, பேப்பாறை, அகஸ்தியர் மலைக் காடுகளின் கணக்கு வேறு. இங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. மிளா அவற்றின் சோறு.

இனி ரகசியமாக விற்கப்படும் கறியைப் பற்றி. கம்பிச் சுருக்கில் மாட்டிய மான் சாகும்வரை மணிக்கணக்கில் துள்ளித் திமிறும். தசையில் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து முழுக்க அதிலேயே தீர்ந்துவிடும். அந்தச் சத்துதான் செத்தபின் லேசான புளிப்பாக மாறிக் கறியை மிருதுவாக்கி, கெடாமலும் காக்கிறது. அது தீர்ந்துபோனால் கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, சட்டத்தை மீறி, காசையும் கொட்டி வாங்குவது மட்டமான கறி. அதுவும் மான்தானா என்பது விற்றவனுக்கே வெளிச்சம். பொடியாக நறுக்கி மிளகில் புரட்டிவிட்டால் எருமைக்கும் மிளாவுக்கும் வேறுபாடு சொல்லும் நாக்கு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

ஆய்வுக்கூடத்துக்கு உண்டு. வெந்த கறியிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து இன்ன விலங்கு என்று சொல்ல முடியும். நம் ஊரிலேயே ராஜீவ்காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இதை அதிகாரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2022இல் இடுக்கியில் ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டு இறைச்சி வைத்திருந்ததாகக் கைது செய்தார்கள். பிறகு வழக்கே ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்து வனத்துறையினர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். இறைச்சி கையில் இருந்தால், குற்றமில்லை என்று நிரூபிக்கும் சுமையை அதை வைத்திருப்பவர் தலையிலேயே சட்டம் ஏற்றுகிறது. இவ்வளவு கடுமையான சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் பரிசோதனை, பிறகு சிறை என்ற வரிசையை மாற்றக் கூடாது.

சரி, பக்கத்து வீட்டுக்காரரின் ஆசைக்கு என்ன வழி? அவர் உண்மையில் விரும்புவது மானை அல்ல. கொழுப்பில்லாத, அழுத்தமான ருசியுள்ள கறி நிதானமாக வெந்து, குளிர் நேரத்தில் சூடாக இலைக்கு வருவதை. நம் ஊரில் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால் இதற்குச் சரியான காலம் மார்கழிகூட அல்ல, கர்க்கடக மாத மழைதான்.

மான் கறிக்கு மிக அருகில் வருவது எருமையின் முழங்காலுக்குக் கீழுள்ள சதை. கடையில் போத்து என்று கேளுங்கள். மாடு சேராதவர்கள் ஆட்டுத் தொடைக்கறி வாங்கலாம். ஒரு கிலோவைப் பெரிய துண்டுகளாகவே வெட்டச் சொல்லுங்கள். உப்பு, மஞ்சள், இரண்டு கரண்டி வினிகர், இஞ்சி பூண்டு விழுது புரட்டி ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெயில் நாலைந்து துண்டாகப் போட்டுச் சிவக்க வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியுமே ஒழிய சிவக்காது. ருசியில் பாதி அந்தச் சிவப்பில் இருக்கிறது. கால் கிலோ சின்ன உள்ளி, பட்டை, கிராம்பு, பெருஞ்சீரகம், வறுத்துப் பொடித்த மல்லி சேர்த்து, கறி பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும் வெந்நீர் விட்டு மூடுங்கள்.

அதன் பிறகு பொறுமைதான் வேலை. கால்சதையில் ஓடும் வெள்ளை நரம்பும் சவ்வும் 70 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெகுநேரம் கிடந்தால்தான் கரைந்து குழம்பைக் கொழகொழப்பாக்கும். ஆட்டுக்கு இரண்டு மணி நேரம், போத்துக்கு மூன்றுவரை போகலாம். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 25 நிமிடம். போத்துக்கு இன்னும் பத்து. ஆவியைத் தூக்கி விடாமல் தானாக அடங்க விடுங்கள். கடைசியில் தேங்காய்க்கொத்தும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரித்துப் போட்டு, புதிதாக இடித்த மிளகு இரண்டு கரண்டி. மிளகை முதலிலேயே போட்டால் காரம் நிற்கும், மணம் போய்விடும். தொட்டுக்கொள்ள அவித்து மசித்த மரச்சீனி. விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியதற்கு நான் நன்றி சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே உரிமம் பெற்ற கடையில் வாங்கும் மான் கறியைத் தாராளமாகச் சமையுங்கள். தோளும் காலும் என்றால் மேலே சொன்ன முறையே போதும். முதுகெலும்பை ஒட்டிய சதையில் கரைவதற்குச் சவ்வு இல்லை. அதை வாணலியில் இரண்டு பக்கமும் சில நிமிடம் வாட்டி எடுத்து, சற்று ஆறவிட்டு நறுக்க வேண்டும். நம் வழக்கப்படி நன்றாக வேகட்டும் என்று விட்டால் செருப்புத் தோல்தான் கிடைக்கும். மானின் கொழுப்பு ஆறியதும் மெழுகுபோல வாயில் ஒட்டும். அதை வெட்டி எறிந்துவிட்டுத் தேங்காயெண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேருங்கள். ஊருக்கு வரும்போது மட்டும் ஒரு பொட்டலம் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். இறைச்சியை இங்கே இறக்கத் தனி அனுமதி வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ போத்துக்குச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமையே வைத்துவிடுங்கள் என்றேன். இந்தக் கறி மறுநாள் சூடாக்கும்போதுதான் நன்றாக இருக்கும்.