சுருளின் இரு முனைகளும் ஒரு மாதிரியின் எல்லையும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அனுப்பிய ஹாம் குழுவொன்று பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த அந்நாட்களில் அக்குழுவின் சிற்றலை நிலையம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைச் சுமந்தது. 1983-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் பெருமையாக இந்நிகழ்வு அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. ஆனால் பேரிடர்க் காலத்தில் இடமும் மின்கலமும் குறைவாக இருக்கையில், ஒரு குட்டையான ஆன்டெனாவுக்குள் செலுத்தப்படும் ஆற்றலில் எவ்வளவு அலையாக வெளியேறுகிறது என்ற கேள்வி வகுப்பறைகளில் எழுவதே அரிது.

7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 10.5 மீட்டர். ஒரு காரின் மீதோ அடுக்குமாடியின் பால்கனியிலோ நிறுத்தக்கூடியது 2.5 மீட்டர்க் கம்பிதான். அக்கம்பியின் மின்தேக்குதிறனைச் சுமார் 25 பிகோஃபாரட் எனக் கொண்டால், மின்தேக்கி மின்மறுப்பு ஏறத்தாழ 900 ஓம் ஆகிறது. அதை ஈடுசெய்ய அடியில் சுமார் 20 மைக்ரோஹென்றி கொண்ட லோடிங் சுருள் தேவை. பாடநூல் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. மின்மறுப்பு நீங்கியது, ஒத்ததிர்வு கிட்டியது, கணக்கு முடிந்தது.

கணக்கு உண்மையில் இங்குதான் தொடங்குகிறது. அக்கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 1.4 ஓம் மட்டுமே. சுருளின் தரக்காரணி 200 எனில் அதன் இழப்புத் தடை 4.5 ஓம். தரை இழப்பை 10 ஓம் எனக் கொண்டால், செயல்திறன் 9 விழுக்காட்டை எட்டாது. செலுத்தப்படும் 100 வாட்டில் 91 வாட் சுருளையும் தரையையும் சூடாக்கிவிட்டுப் போகிறது. இத்தகைய ஆன்டெனாவில் இழப்பு கூடக்கூட உள்ளீட்டுத் தடை 50 ஓமை நெருங்குகிறது. நிலையலை விகிதமும் அழகாகக் குறைகிறது. அளவியில் முள் இறங்குவதைக் கண்டு மகிழும் மாணவர், தம் இழப்பையே கொண்டாடிக்கொண்டிருக்கக்கூடும்.

சுருளை எவ்வாறு மாதிரிப்படுத்துவது என்பதில் ஹாம்களிடையே நெடுங்கால வழக்கு ஒன்று உண்டு. ஒரு சாரார் சுருளை ஒரு புள்ளியாகக் கருதி, இரு முனைகளிலும் ஒரே மின்னோட்டம் என்பர். மறுசாரார் அது சுருட்டிவைக்கப்பட்ட மின்கடத்துபாதை என்றும், குறைந்துபோன கம்பி நீளத்தை அது அப்படியே நிரப்புகிறது என்றும் வாதிடுவர். இரண்டும் பாதி உண்மைகளே. சுருளுக்குள் நுழையும் மின்னோட்டத்துக்கும் வெளியேறும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, சுருளிலிருந்து சுற்றுப்புறத்துக்குள்ள மின்தேக்கத்தின் வழியே இடப்பெயர்ச்சி மின்னோட்டமாகச் செல்கிறது. குட்டையான, கச்சிதமான சுருளில் அது சிறிது; நீண்டு மெலிந்த சுருளில், குறிப்பாக இயங்கும் அதிர்வெண் சுருளின் தன் ஒத்ததிர்வை நெருங்கும்போது, அது புறக்கணிக்க முடியாதது. கிர்க்காஃப் விதி இங்கே பொய்த்துவிடவில்லை. விதி கோரும் நிபந்தனையைச் சுருள் நிறைவேற்றவில்லை.

இரு முனைகளிலும் மின்னோட்டத்தின் கட்டத்தை அளந்து இவ்வழக்கைத் தீர்க்க முயல்வோரும் உண்டு. நிலையலையில் கட்டம் நீளம் நெடுகிலும் ஏறத்தாழ மாறாதிருக்கும். ஆகவே அவ்வளவீடு அலை சுருளைக் கடக்க எடுக்கும் நேரத்தைப் பற்றி எதையும் சொல்லாது. மின்னோட்டத்தின் அளவே சான்று.

கணினி நிரல்களும் இவ்விடத்தில் நடுநிலை நீதிபதிகள் அல்ல. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான என்.இ.சி. நிரலில் சுருளை ஒரு சுமையாக இட்டால், அது ஒரு கம்பித்துண்டின் மீது வைத்த புள்ளியாகிறது. இரு பக்கமும் ஒரே மின்னோட்டம் என்ற அனுமானத்தை உள்ளே இட்டு, அதையே விடையாகப் பெறுகிறோம். சுருளைச் சுற்றுச்சுற்றாகக் கம்பிகளால் வரைந்தால் மின்னோட்டப் பரவல் சரியாக வரும். ஆயினும் மெல்லிய கம்பி அனுமானம் அண்மை விளைவைக் காணாது. நெருங்கிச் சுற்றிய சுருளின் தரக்காரணி மிகையாகவே தெரியும்.

'நீளத்தை வெட்டிச் சரிசெய்தால் போதாதா, மாதிரி எதற்கு?' என்று அனுபவசாலிகள் கேட்பது நியாயமே. வெட்டுதல் மின்மறுப்பைத் தீர்க்கும், இழப்பைத் தீர்க்காது. மேற்கண்ட கணக்கில் சுருளின் தரக்காரணியை 400 ஆக இரட்டித்தாலும் செயல்திறன் 10 விழுக்காடுதான். தரை இழப்பைப் பாதியாக்கினால் அது 13-ஐ நெருங்கும். கருங்கல் பாறையின்மேல் மெல்லிய மண் படிந்த ஹைதராபாத்தில் இது வெறும் கணக்கு அல்ல. விலையுயர்ந்த சுருளுக்குச் செலவிடுவதா, தரைக்கம்பிகளுக்குச் செலவிடுவதா என்பதை வெட்டும் கத்தரி சொல்லாது, மாதிரி சொல்லும்.

மின்னணுப் பாதுகாப்பு ஆய்வகங்களும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்த இந்நகரில், மின்சுற்றுக் கோட்பாடும் புலக் கோட்பாடும் சந்திக்கும் இச்சிறு பொருளுக்கு ஆய்வகப் பாடத்தில் இடம் வேண்டும். ஒரு சுருள், அதன் இரு முனைகளிலும் ஃபெரைட் வளையத்தாலான மின்னோட்ட உணரிகள், விலை குறைந்த நானோ வி.என்.ஏ. ஒன்று: ஒரு பிற்பகலுக்கு இவை போதும். மாணவர் முதலில் புள்ளி மாதிரியால் கணிக்கட்டும். பிறகு கம்பி மாதிரியால் கணிக்கட்டும். இறுதியில் மாடிக்குச் சென்று அளக்கட்டும். மூன்று எண்களும் ஒத்துப்போகாதபோது எந்த அனுமானம் உடைந்தது என்று எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்துக்கே மதிப்பெண் தர வேண்டும்.