தொடாமலே கேட்கும் நெஞ்சு

மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பு போதுமாம். மேலே படுத்திருப்பவரைத் தொடாமலே இதயத்துடிப்பையும் மூச்சையும் எண்ணிச் சொல்லிவிடும். பெங்களூரில் 2015இல் தொடங்கிய ‘டோசி’ நிறுவனம் இதைச் செய்து விற்கிறது.

சங்கதி பழசுதான். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போதெல்லாம் உடம்பு துளியளவு எதிர்ப்பக்கம் உதறுகிறது, துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்குமே அதுபோல. 1930களில் பிலடெல்பியாவில் ஐசக் ஸ்டார் என்ற மருத்துவர் ஆடுகிற கட்டில் கட்டி அந்த உதறலை வரைந்து காட்டினார். இன்றைக்கு அதை மின்சாரமாக்கும் உணரியும் கணக்குப் போடக் கம்ப்யூட்டரும் வந்திருக்கின்றன.

‘தொடாமல்’ என்றதும் எனக்கு வேற ஞாபகம். எங்கூரு தாமிரபரணிக் கரையில். நெஞ்சு வலிக்குன்னு எங்கய்யாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் ஊரைக் கேட்டார், பிறகு “எந்தத் தெரு?” என்றார். ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்தைவிட்டு இறங்கவேயில்லை. வாயு என்று எழுதிக் கொடுத்தார். மூணாம் நாள் வேறொரு இடத்தில் ஈசிஜி எடுத்தபோதுதான், வந்தது மாரடைப்பு என்றார்கள்.

அந்த ஸ்டெதஸ்கோப்பே கூச்சத்தில் பிறந்ததுதான். 1816இல் பாரிஸில் ஒரு பெண்ணின் நெஞ்சில் காது வைக்கத் தயங்கிய லெயன்னெக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஆனாலும் குழாயின் மறுமுனை நெஞ்சைத் தொட்டது!

விரிப்பு தெரு கேட்காது. தோலின் நிறமும் அதற்கு வேண்டாம். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவதை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. ஒளியை நம்புகிற கருவி அது; இது உதறலை மட்டுமே பார்க்கிறது. அந்த வகையில் வரட்டும் என்பேன்.

எனக்குப் பயம் கருவியிடம் இல்லை. பேங்க் கவுண்டரில் ரூபாயை என் கையில் தராமல் பலகையில் வைத்துத் தள்ளுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். (இப்போ ஜிபே வந்து அவுகளுக்கு நிம்மதி.) எண்தான் திரையில் தெரியுதே, எதுக்குத் தொடணும்? இப்படிச் சொல்ல டாக்டருக்கு ஒரு நாகரிகமான காரணம் கிடைத்துவிடும். துடிப்பின் எண்ணிக்கை ஈசிஜி ஆகாது. மாரடைப்பை அது காட்டித்தரும் என்று நம்பியிருக்க முடியாது. கை வைத்துப் பார்க்கிற ஆள் வேணும்.

அப்புறம், கட்டிலும் வேணும். ஒரே கட்டிலில் ரெண்டு பேர் படுத்தால் எந்த நெஞ்சின் உதறல் எதுவென்று அது குழம்பும். ஈசிஜி எடுத்த அந்த இடத்தில் எங்கய்யா கிடந்தது வராந்தாவில், பாயில். அந்த விரிப்பை எதுக்கடியில் விரிப்பீங்க?