சீர்மிகு நகரமாம்! சீர் யாருக்கு?

ஏரியைத் தூர்த்தனர், ஊர் எழுப்பினர். மழை வந்தது. "ஐயகோ, ஊருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதே!" என்று அலறினர். புகுந்தது வெள்ளமா, தோழர்களே? தன் இல்லம் தேடித் திரும்பியது நீர்; அதன் இல்லத்தில் புகுந்தவர் மனிதர்!

லாங் டேங்க் என்று வெள்ளையர் அழைத்த நெடிய ஏரியைத் தூர்த்து, 1920-களில் எழுந்தது தியாகராய நகர். 2015-இல் டில்லி அரசு சீர்மிகு நகரத் திட்டம் அறிவித்தது. நூறு நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சென்னையில் சிங்காரிக்கக் குறிக்கப்பட்ட பகுதி எது? அதே தியாகராய நகர்! பாண்டி பஜாரில் நடைபாதை அகன்றது. 2019-இல் திறப்புவிழா கண்டது. நடப்போருக்கு வழி கிடைத்தது, நன்று, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலேறி வந்ததே குடிநீர்! முகத்துக்கு அரிதாரம், நாவுக்கு வறட்சி, இதுவா சீர்? 2025 மார்ச்சில் திட்டத்தின் கணக்கும் மூடப்பட்டது. எங்கள் கேள்விக் கணக்கு மூடப்படவில்லை!

2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தின்பின் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவன் யார்? ஆற்றங்கரைக் குடிசைவாழ் ஏழை! "ஆக்கிரமிப்பாளன்" எனப் பட்டம் சூட்டிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினர். பிழைப்பு நகரின் நடுவில். படுக்கை நகரின் எல்லையில்! அந்தப் பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்நிலம். வெள்ளத்தின் பெயரால் விரட்டப்பட்டவனின் வாயிலில், 2023 டிசம்பர்ப் புயல்மழை மீண்டும் வந்து நின்றது!

2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய பெருமை வாய்ந்தது அந்தச் சதுப்பு. அதன்மேல் மாநகரின் குப்பை மலையாயிற்று; மாளிகைகள் வரிசையாயின. குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். கோபுரம் கட்டியவன் முதலீட்டாளனா? நீருக்குத் தெரியாத இந்த வருணபேதத்தை வகுத்தவர் யார்?

வழியே இல்லையா? பிரேசில் நாட்டுக் குரிடிபாவைக் காணுங்கள். 1971-இல் மேயரான கட்டடக் கலைஞர் ஜெய்மே லெர்னர் காலத்தில், ஆற்றோரத் தாழ்நிலங்களைப் பூங்காக்களாக்கி ஏரிகள் அமைத்தனர். மழை மிகுந்தால் பூங்கா நனையும், ஊர் பிழைக்கும். 1974-இல் பேருந்துக்கெனத் தனித்தடம் தந்தனர். காரில்லாதவனும் கடுகிச் செல்லலாம் என்பது அதன் பொருள். செல்வம் கொழிக்கும் நாடன்று அது, சிந்தித்த நகரம்!

தோழர்களே! உங்கள் வட்டத்தில் எது ஏரி, எது கால்வாய், எதன்மேல் எந்தக் கட்டடம் என்று பட்டியல் எழுதுங்கள். மன்றத்திலும் மேடையிலும் அதைப் படியுங்கள். நீர்வழியைக் குறித்த பிறகே மனை வரைபடம், பிழைப்புக்கு அருகிலேயே ஏழைக்கு வீடு, இவ்விரண்டையும் கேளுங்கள். தருபவர் எவராயினும் வாழ்த்துவோம். மறுப்பவர் எவராயினும், நம்மவரேயாயினும், விடோம்!